கடல் பக்கம் சரியும் ஊர்

கும்பகோணம்

அன்பு மகள் யாழினிக்கு,

நலம், நலமறிய ஆவல். பார்சிலோனாவிலிருந்து நீ அனுப்பிய மூன்று வீடியோக்களும் வந்தன. அம்மா கடலையும் கட்டடங்களையும் பார்த்தாள். நான் இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முப்பது ஆண்டு சாலைப் பணியில் கழித்தவனுக்குத் தரையின் சத்தம் புரியாமல் போகுமா? நடைபாதையில் உன் ஸ்கேட்போர்டு விடாமல் 'ர்ர்ர்' என்று அதிர்கிறது. அங்கே பதித்திருக்கும் 'பனோட்' என்னும் சிமென்ட் ஓடு 20 சென்டிமீட்டர் சதுரம். நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் போனாலும் 20 இணைப்புகளைத் தாண்டுகிறாய். போதாததற்கு, ஓட்டில் அச்சாகியிருக்கும் நான்கிதழ்ப் பூவின் பள்ளம் வேறு. மாக்பா அருங்காட்சியகத்தின் முன்னால் வந்ததும் அந்தச் சத்தம் சட்டென்று அடங்கி, சக்கரம் உருளும் மெல்லிய ஓசை மட்டும் மிஞ்சியது. ரிச்சர்ட் மையர் வடிவமைத்து 1995-இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு, உள்ளே இருக்கும் கலைப்பொருள்களை விட்டுவிட்டு வெளியே இருக்கும் தரைக்காகவே பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று நீ எழுதியிருந்தபோது சிரித்தேன். கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை.

மீதி நாள்களில் எந்த வழியாகப் போகலாம் என்று கேட்டிருந்தாய். வரைபடத்தில் சாலைகளைப் பார்ப்பதற்கு முன் சரிவைப் பார். வடமேற்கில் கொல்செரோலா மலை, அதன் உச்சியான திபிதாபோ 512 மீட்டர்; தென்கிழக்கில் கடல். அந்த ஊர்க்காரர்கள் வழி சொல்லும்போது 'மலைப் பக்கம்', 'கடல் பக்கம்' என்றுதான் சொல்வார்களாம். நமக்கு அது புதிதல்ல. மேலே இருப்பது மேற்கு, கீழே இருப்பது கிழக்கு என்று நிலத்தின் சாய்வை வைத்துத்தானே நம் முன்னோர் திசைக்கே பெயர் வைத்தார்கள். அங்கே ராம்ப்லா என்னும் தெருவின் பெயரும் மணலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது; மழைநீர் கடலுக்கு ஓடிய ஓடையின் தடம் அது. ஆகவே ஏறுவதற்கு மெட்ரோ, இறங்குவதற்கு உன் ஸ்கேட்போர்டுப் பலகை என்று வைத்துக்கொள்; ஆனால் பலகையே உன்னை இழுத்துக்கொண்டு போகும் அளவுக்குச் சரிவு இருந்தால், கூச்சப்படாமல் இறங்கி நட.

நடுவில் வரும் எஷாம்ப்ள பகுதியை 1859-இல் செர்தா என்ற பொறியாளர் திட்டமிட்டார். ஒவ்வொரு கட்டமும் 113 மீட்டர், மூலைகள் எல்லாம் சாய்வாக வெட்டப்பட்டவை. பார்க்க அழகு, ஆனால் அந்த வெட்டினால் சாலையைக் கடக்கும் கோடு நீ வரும் நேர்க்கோட்டில் இருக்காது, பக்கத் தெருவுக்குள் சற்று ஒதுங்கி இருக்கும். நேராகப் பாய்ந்தால் திரும்பும் வண்டியின் முன்னால்தான் போய் நிற்பாய். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கால் தரையில் இருக்கட்டும். பசேய்க் த கிராசியா என்னும் அகலச் சாலையில் பலகையைக் கையில் எடுத்துக்கொள். கட்டடக் கலைஞர் கௌதி வடிவமைத்த அறுகோண ஓடுகள் அங்கே உண்டு. ஒன்றில் உருவம் முழுமையாகாது, ஏழு சேர்ந்தால்தான் நட்சத்திர மீனும் நத்தையும் கண்ணுக்குத் தெரியும். ஓட்டிக்கொண்டே பார்க்கிற காரியம் இல்லை அது.

கடற்கரைப் பாதைதான் உனக்குப் பிடித்தது என்று தெரியும். 1992 ஒலிம்பிக்ஸுக்காக ரயில் தண்டவாளத்தையும் பழைய தொழிற்சாலைகளையும் அகற்றிய பிறகுதான் அந்தப் பக்கம் ஊருக்குக் கடல் கிடைத்தது; மணலைக்கூடக் கொண்டுவந்து கொட்டிக் கரை அமைத்தார்கள். அந்த மணல்தான் உன்னை விழவைத்தது என்று நினைக்கிறேன். நீ சொல்லவில்லை, ஆனால் நேற்றைய படத்தில் இடது உள்ளங்கையில் கட்டு இருந்தது. காற்றில் வந்து பாதையில் படியும் மெல்லிய மணல் கண்ணுக்குத் தெரியாது. வெயில் சாயும் நேரத்தில் பார்த்தால் தரையில் ஒரு மங்கல் தெரியும், அங்கே வேகத்தைக் குறை. விழும்போது கையை ஊன்றாதே, மணிக்கட்டுதான் முதலில் போகும். அம்மாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

உன் சக்கரத்தில் 99ஏ என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். எண் கூடக்கூடச் சக்கரம் கெட்டி. மாக்பா தரைக்கு அது சரி, பனோட் ஓட்டுக்குச் சரியில்லை. ஊர் சுற்றுவதற்கு 78ஏ, 60 மில்லிமீட்டர் அளவில் ஒரு ஜோடி சக்கரம் கூடுதலாக வாங்கிக்கொள். ஒரு ஜோடி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், நான்கு வேண்டும். பணம் அனுப்புகிறேன். ஸ்கேட்போர்டைப் பொம்மை என்று சொன்ன அதே அப்பாதான் அனுப்புகிறேன், சிரிக்காதே.

பழைய குடியிருப்புப் பகுதியான ராவாலின் சந்துகளில் மட்டும் பலகையைத் தூக்கிக்கொண்டு போ. பொது இடத்தில் பிறருக்கு இடையூறாக ஓட்டினால் அபராதம் உண்டு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மாடிகளில் குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கும்பகோணத்தில் கேட்ட சத்தம் அவர்களுக்குத் தலைமாட்டில் கேட்கும்.

புதிய சக்கரம் மாட்டியதும் கடற்கரைப் பாதையில் பார்சலோனேத்தாவிலிருந்து கிளம்பி ஃபோரம் வரைக்கும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. வழியில் தரை எத்தனை முறை மாறுகிறது என்று நான் எண்ணிச் சொல்கிறேன், நீ சரிபார். ஓட்டும்போது பேசாதே, சத்தம் சரியாகக் கேட்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா