பிளஸ் ஒன் மொழிப் பட்டியலில் சைகை மொழிக்கும் ஓர் இடம் கொடுங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும் பாடத்திட்டம் வகுப்போருக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவர் முதல் பகுதி மொழியாகத் தமிழை எடுக்கலாம். வேறு வேண்டுமென்றால் இந்தி, சமஸ்கிருதம், அரபி, பிரெஞ்சு, ஜெர்மன் என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலில் இந்திய சைகை மொழியையும் சேருங்கள். காது கேட்கும் பிள்ளைகளும் அதைப் படித்து, பரீட்சை எழுதி, மதிப்பெண் வாங்கட்டும்.

நான் காது கேளாத ஒரு பெண்ணின் அப்பா. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவள் மேல் பிரியம்தான். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய் "சாப்பிட்டியா?" என்பார்கள். அவள் தலையாட்டுவாள். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுவார்கள். அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும், யாரோடு சண்டை, ஏன் இன்று முகம் வாடியிருக்கிறது என்று கேட்க அவர்களிடம் மொழி இல்லை. என் அண்ணன் மகன் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தான். மதிப்பெண் வரும் என்றுதான் எடுத்தான், அதில் தப்பில்லை. அந்த இரண்டு வருடமும் சைகை மொழி படித்திருந்தால் இன்றைக்குத் தங்கச்சியோடு உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருப்பான்.

வெறும் கையாட்டலுக்கு இலக்கணம் ஏது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இலக்கணம் இருக்கிறது. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். "உன் பெயர் என்ன" என்ற நம் வரிசைதான். மறுப்பும் வினைக்குப் பின்னால்தான் வரும். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வியென்றால் புருவம் உயர வேண்டும். புருவம் அசையாவிட்டால் அது கேள்வியே இல்லை, வெறும் தகவல். அமெரிக்கச் சைகை மொழி எழுத்துகளை ஒரு கையால் காட்டும், நம்முடையது இரண்டு கையால். அங்கிருந்து ஒருவர் வந்தால் என் மகளோடு உடனே பேசிவிட முடியாது.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் சைகை மொழியை அயல்மொழிப் பாடக் கணக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டன. சொந்த மண்ணில் பிறந்த மொழி எப்படி அயல்மொழியாகும் என்று அங்கே நீண்ட வாதம் நடந்தது. நடந்தும், 2016 கணக்குப்படி அந்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கிலம் தவிர்த்து ஸ்பானிஷ், பிரெஞ்சுக்கு அடுத்து அதிகம் பேர் படித்தது அதைத்தான். நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது. நம் பட்டியலில் உள்நாட்டு மொழியும் வெளிநாட்டு மொழியும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி 2021-லேயே பத்தாம் வகுப்பு நிலையில் இந்திய சைகை மொழியை மொழிப்பாடமாக்கிவிட்டது. டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டிருக்கிறது. ஆக, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் சைகை மாறுமே என்றால், ஆமாம், சொற்கள் மாறும். வாக்கியம் அமைக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பயன்படுத்தும் சைகைகளுக்குப் பாடநூலில் முதலிடம் கொடுத்துவிட்டால் போயிற்று.

சொல்லிக்கொடுக்க ஆள்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. காது கேளாதவர்களே சைகை மொழி ஆசிரியராவதற்கென்று ஒரு பட்டயப் படிப்பு இருக்கிறது. படித்துவிட்டு வருபவர்களுக்கு வேலைதான் இல்லை. காது கேளாத ஒருவர் மேல்நிலைப் பள்ளியில் மொழி ஆசிரியராக நிற்பதை, அவரிடம் காது கேட்கும் நாற்பது பிள்ளைகள் பாடம் கேட்பதை, என் மகள் பார்க்க வேண்டும். சைகை மொழி ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்தும் கடமையை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே அரசுக்குச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. காது கேளாத மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு தருகிறீர்கள். சலுகை நல்ல மனத்தோடு வந்ததுதான், இருக்கட்டும். ஆனால் தினமும் அவர்கள் சரளமாகப் பேசும் ஒரு மொழி இருக்கும்போது அந்த இடம் ஏன் காலியாகக் கிடக்க வேண்டும்? விரும்பும் பிள்ளை அங்கே சைகை மொழியை எழுதட்டும். மற்றப் பிள்ளைகள் தமிழில் நூறு எடுத்தேன் என்று சொல்வதைப் போல அவர்களும் சொல்லட்டும்.

தமிழை ஒதுக்கச் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், அது அப்படியே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேறு மொழிக்குப் போகிறவர்களிடம்தான் இதையும் நீட்டச் சொல்கிறேன்.

ஒரேயடியாக எல்லாப் பள்ளிகளிலும் முடியாது, புரிகிறது. சென்னை, பாளையங்கோட்டை போல காது கேளாதோருக்கான மேல்நிலைப் பள்ளி இருக்கும் ஊர்களில், அதற்குப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் தொடங்குங்கள். செய்முறைத் தேர்வை அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு பேசவைத்தே நடத்தலாம். அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன் இதற்கான பாடத்திட்டக் குழுவை அமையுங்கள். அதில் பாதிப் பேராவது காது கேளாதவர்களாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்