காலவரிசை மென்பொருளில் அழிந்துபோன நிகழ்வு அடுக்குகள் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்,
கண்காட்சிப் பலகை வடிவமைப்பாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பெருங்குடி, சென்னை.

பொருள்: தாய் நிகழ்வை (பெரிய நிகழ்வை) நீக்கியதும் அதன் கீழிருந்த சேய் நிகழ்வுகள் (அதில் அடங்கிய சிறு நிகழ்வுகள்) அனைத்தும் அழிந்தது, உங்கள் அலுவலகத்தில் அவமதிக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உதவி எண்ணில் பேசிவிட்டேன், சாட்டில் எழுதிவிட்டேன், மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், நேரிலும் வந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புது டிக்கெட் எண் ஒன்று வருகிறது. அப்புறம் வேறு யாரோ பேசுகிறார்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறார்கள். இனி வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எழுத்தில் இருக்கட்டும்.

சமீபத்திய அப்டேட்டில் என்ன மாற்றினீர்கள் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்கு முன்பு, தாய் நிகழ்வுக்கு நான் கொடுத்த தேதி அப்படியே நிற்கும். இப்போது முதல் சேய் நிகழ்வு எப்போது தொடங்குகிறது, கடைசிச் சேய் நிகழ்வு எப்போது முடிகிறது என்று பார்த்து, தாயின் தேதியை மென்பொருளே திருத்திக்கொள்கிறது. கட்டடம் கட்டுகிறவர்களுக்கு இது சரி. ஒரு வேலை தள்ளிப்போனால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும். நடந்து முடிந்த வரலாற்றுக்கு இது எப்படிப் பொருந்தும்?

ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்துக்காக ஒரு பள்ளிக்குப் பலகைகள் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். முதல் கர்நாடகப் போர் நடந்தது 1746 முதல் 1748 வரை. அதன் கீழே, 1746 செப்டம்பரில் ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது, அக்டோபரில் அடையாற்றங்கரையில் ஆற்காடு நவாபின் படை தோற்றது, 1748 உடன்படிக்கை, 1749இல் மதராஸ் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது என்று வரிசையாக வைத்திருந்தேன். ஊரைத் திருப்பிக் கொடுத்தது அந்த உடன்படிக்கைப்படிதான். அதனால் அது போருக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். ஆனால் அதற்காகப் போர் 1749 வரை நடந்ததாக ஆகிவிடுமா? உங்கள் மென்பொருள், போர் நடந்த காலத்தைக் காட்டும் பட்டையை 1749க்கு இழுத்துவிட்டது. ட்ராம் வண்டிக்கு நேர்மாறாகச் செய்தது. மின்சார ட்ராம் 1895இல் தொடங்கி 1953இல் நின்றது. அதன் கீழே நான் வைத்திருந்த ஒரே சேய் நிகழ்வு, ட்ராம் நிறுத்தப்பட்டது. உடனே 58 வருடப் பட்டை சுருங்கி 1953இல் ஒரு புள்ளியாக நின்றது. இந்த ஊரில் ட்ராம் ஒரே ஒரு வருடம் ஓடியதாக யாராவது நம்புவார்களா?

இது தெரிவதற்குள் வினைலில் அச்சாகி, சன்போர்டில் ஒட்டி, பள்ளியில் இறக்கியாகிவிட்டது. வரலாற்று ஆசிரியை பலகைக்கு முன் நின்று, தலைமையாசிரியை காதில் விழும்படி, “போர் 1749 வரைக்கும் நடந்ததா அம்மா?” என்று என்னிடம் கேட்டார். இத்தனை வருடமாகச் சேர்த்த பெயர் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது.

சரி, சரிசெய்துகொள்ளலாம் என்று உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லிவிட வேண்டும். “தாய் நிகழ்வை டெலிட் பண்ணிட்டுப் புதுசா போடுங்க மேடம், கீழ இருக்கிறது எல்லாம் தானா ஒரு படி மேல வந்துடும்” என்றார். வரவில்லை. ரயில் பகுதியின் தாய் நிகழ்வை முதலில் நீக்கினேன். 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய முதல் ரயில், 1908 எழும்பூர் நிலையம், 1931 கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில், 1995 பறக்கும் ரயில், 2015 மெட்ரோ, ஒவ்வொன்றின் கீழும் நான் எழுதிய குறிப்புகள், ராயபுரம் நிலையத்துத் தூண்களை நானே போய் எடுத்த படங்கள், எல்லாம் ஒரே அழுத்தில் போயின. ‘கீழே உள்ளவற்றையும் நீக்கவா?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்டூ அழுத்தினேன். சிங்க் ஆகி, மாற்றம் உங்கள் சர்வரிலும் பதிந்துவிட்டதால் திரும்ப வராதாம்.

இதற்குப் பிறகுதான் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். லேப்டாப்போடு நேரில் வந்தால் பார்த்துத் தருகிறோம் என்று சாட்டில் எழுதிக் கொடுத்தவர்கள் நீங்கள். திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெரிந்து, மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து, அந்த வெயிலில் வந்து சேர்ந்தேன். வாசலில் செக்யூரிட்டி என் பையைக் கிளறினார். வரவேற்பறையில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை உட்கார வைத்தீர்கள். கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வந்தார். உட்காரவில்லை. கையிலிருந்த ஃபோனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். அவர் ஒரு விரலால் திரையைத் தள்ளி மூடிவிட்டு, “இந்தப் பழங்கதைக்கெல்லாம் எங்க சாஃப்ட்வேர் இல்ல. எக்ஸல்ல போட்டுக்கோங்க” என்றார். திரும்பி நடந்துவிட்டார்.

பழங்கதையா? ராயபுரத்திலிருந்து 1856இல் ரயில் விட்டது பழங்கதையா? உங்கள் இணையதளத்தின் முகப்பிலேயே, வரலாற்று ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏற்றது என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். என் லேப்டாப்பை மூட அவர் யார்?

எக்ஸ்போர்ட் பற்றி எழுத மறக்கக் கூடாது. அப்டேட்டுக்கு முன்பே எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக, அதாவது வெறும் அட்டவணையாக, எடுத்து வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் பெயர், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, விவரம், அவ்வளவுதான். எந்த நிகழ்வு எதற்குக் கீழே என்று சொல்லும் நெடுவரிசையே அதில் இல்லை. மறுபடி உள்ளே ஏற்றினால் எல்லாம் தேதிப்படி ஒரே மட்டத்தில் வரிசை கட்டுகிறது. எழும்பூர் நிலையத்துக்கு அடுத்ததாக, 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டுவீச்சு, அதற்கு அடுத்ததாக மின்சார ரயில். கோத்த மாலையில் நாரை உருவிவிட்டு, பூவெல்லாம் இருக்கிறதே என்று சொன்னால் நான் என்ன செய்வது? தேதியை யார் வேண்டுமானாலும் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடலாம். எது எதன் கீழே வரும், எம்டன் உலகப் போருக்குக் கீழேயா துறைமுகத்துக்குக் கீழேயா என்று உட்கார்ந்து யோசித்ததுதான் என் உழைப்பு. அதைத்தான் அழித்திருக்கிறீர்கள். என் பாதி ஆயுள் உழைப்பு போனது போலத்தான் எனக்கு இருக்கிறது.

உங்களோடு சண்டை போட வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. இந்த மென்பொருளை விரும்பித்தான் பயன்படுத்தினேன். கிளைகளை மடக்கி, பிள்ளைகளுக்குப் பெரிய நிகழ்வை மட்டும் காட்டி, அப்புறம் ஒவ்வொன்றாக விரிக்கும் வசதி வேறு எதிலும் எனக்கு இவ்வளவு தோதாக இருந்ததில்லை. அதனால் தயவுசெய்து, அப்டேட்டுக்கு முந்தைய உங்கள் பேக்கப்பிலிருந்து என் கோப்பை அதன் அடுக்குகளோடு மீட்டுத் தாருங்கள். தாயின் தேதியை நானே வைத்துக்கொள்ள ஒரு வழி விடுங்கள். எக்ஸ்போர்ட்டில் அந்த ஒரு நெடுவரிசையைச் சேருங்கள். இதையெல்லாம் செய்ய முடியாத நிறுவனமா நீங்கள்?

வீணாய்ப்போன பலகைகளின் அச்சுச் செலவையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும். பில் இணைத்திருக்கிறேன். பள்ளி இனி எனக்கு வேலை தரப்போவதில்லை. அந்த நஷ்டத்துக்கு நான் எங்கே பில் வாங்குவது?

வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் நீங்கள் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. சாட்டில் நீங்கள் எழுதியது ஒவ்வொன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த நிலைக்குப் போக வைக்காதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடலாம். கோப்பைத் திறந்து பார்த்தவர் யாராவது பேசட்டும். வரவேற்பறைக்கு வந்த அந்த மனிதர் பேசுவதாக இருந்தால், முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மற்றதைப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருவல்லிக்கேணி.

இணைப்பு: சந்தா ரசீது, அச்சகப் பில், சாட் ஸ்க்ரீன்ஷாட்கள், அப்டேட்டுக்கு முன் எடுத்த சிஎஸ்வி கோப்பு.