காலால் பிறந்த மகளுக்கு

கண்ணு,

நீ சேலத்தில் ஆரம்பிக்கப் போகிற கிளினிக்குக்காக வாட்ஸாப்பில் அனுப்பின போர்டு டிசைனை அப்பா பெரிசு பண்ணிக் காட்டினார். எழுத்து அழகாக இருக்கிறது, பச்சை நிறமும் கண்ணை உறுத்தவில்லை. ஆனால் "மருந்தில்லா இயற்கை நலம்" என்று மேலே போட்டுவிட்டு, கீழே முதுகுவலி, கழுத்துவலி, அப்புறம் ஆஸ்துமா, சர்க்கரை, தைராய்டு, குழந்தையின்மை என்று ஒரு வரிசை போகிறதே, அது யார் எழுதிக் கொடுத்தது? டிசைன் போட்ட பையன் வேறு எங்கேயோ பார்த்து ஒட்டியிருந்தால் எடுக்கச் சொல். நீயே எழுதினது என்றால் இதை முழுக்கப் படி. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இந்தக் கைரோபிராக்டிக் தொழிலுக்கு, அதாவது முதுகெலும்பையும் மூட்டையும் கையால் அசைத்துப் பார்க்கிற வைத்தியத்துக்கு, போனதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் நான் மருந்தாளுநராக இருந்த காலத்தில், காபிப் பழம் பறிக்கிற சீசன் வந்தால், நவம்பரில் ஆரம்பித்துப் பொங்கல் தாண்டும் வரைக்கும், மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு வெளியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்கள்தான். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் நாள் முழுக்க நின்று பறிக்க வேண்டும், சாயங்காலம் மூட்டையை எடை போடுகிற இடம் வரை சுமக்க வேண்டும், வீட்டுக்குப் போகிற வழியில் விறகுச் சுமை வேறு. டாக்டர் டைக்ளோஃபினாக் எழுதுவார், அது வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் கூடவே ரானிடிடின் எழுதுவார், நான் எண்ணிக் கொடுப்பேன். அடுத்த வாரம் அதே முகங்கள் வரும். மாத்திரை வலியைக் குறைக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் வருஷக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகத்துக்கு ஆகாது. இதே மருந்தை மாட்டுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாகச் செத்துப்போனதால்தான் 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனுஷர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம், வேறு என்ன செய்வது.

அதுவும் இல்லாமல் நீ காலால் பிறந்தவள். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தது, அன்றைக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கம் நம்புகிறார்கள் இல்லையா, அம்மாயி இதை ஊர் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். சாயங்காலமானால் யாராவது ஒரு அக்கா வந்து திண்ணையில் குப்புறப் படுத்துக்கொள்வாள், நீ பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப சீரியஸாக மிதிப்பாய், கூலியாகக் கொய்யாப்பழம். அவர்கள் எழுந்து போகும்போது வலி குறைந்த மாதிரிதான் போனார்கள். உன் காலில் சக்தி இருந்தது என்று நான் ஒரு நாளும் நம்பவில்லை. ஆனால் ஒரு ஆள் தொட்டு, அழுத்தி, "இங்கேயா, இங்கேயா" என்று கேட்பதில் என்னமோ இருக்கிறது என்று அப்போதே பட்டது, என் ஜன்னல் வழியாக அதைக் கொடுக்க முடியவில்லை.

அப்புறம் பிசியோதெரபி படித்தாய், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாய். அங்கே உன் வேலை மெஷினை ஆன் செய்து, பத்து நிமிஷம் காவல் இருந்து, ஆஃப் செய்வது. ஒரு நோயாளியின் முதுகைக்கூட முழுசாகத் தொட்டுப் பார்க்க நேரம் தரமாட்டார்கள் என்று வந்து அழுதாய். கையால் வைத்தியம் பண்ணுகிற படிப்பு என்று தேடித்தான் கைரோபிராக்டிக் படிக்க ஆஸ்திரேலியாவில் பெர்த் வரைக்கும் போனாய், கடனும் வாங்கினோம், முடித்து ஆஸ்திரேலியப் பதிவும் வாங்கிவிட்டாய். இதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அந்தப் படிப்பின் ஆரம்பக் கதையை நீதான் எனக்குச் சொன்னாய், மறந்துவிட்டாயா? 1895-இல் அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில், அதுவரை காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டேனியல் டேவிட் பால்மர், ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் துருத்திக்கொண்டிருந்த எலும்பைத் தள்ளினாராம், அவருக்குக் கேட்காமல் இருந்த காது கேட்டதாம். காது நரம்பு மண்டைக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகுப் பக்கம் அதற்கு என்ன ஜோலி என்று நீயே சிரித்தாய். அதற்கப்புறம் அந்த மனுஷர், நூற்றில் 95 நோய்க்கு முள்ளெலும்பு விலகுவதுதான் காரணம் என்று எழுதியே வைத்துவிட்டார். உன் போர்டில் இருக்கிற சர்க்கரையும் தைராய்டும் அந்த 95-இல் இருந்து இறங்கி வந்தவைதான் கண்ணு. படிக்கும்போது சிரித்ததைப் போர்டில் எழுதலாமா?

இடுப்பு வலிக்கு உன் கை உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற டாக்டர்கள் சங்கம் 2017-இல் கொடுத்த வழிகாட்டுதலிலேயே, சமீபத்தில் வந்த இடுப்பு வலிக்கு முதலில் மாத்திரைக்குப் போகாமல் சூடு வைப்பது, மசாஜ், முதுகெலும்பைக் கையால் அசைத்துவிடுவது இதையெல்லாம் பார்க்கலாம் என்று இருக்கிறது. அதே இடத்தில், பெரும்பாலான வலி என்ன செய்தாலும் நாளாக ஆக விட்டுவிடும் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற ஆளாக நீ இருக்க வேண்டும். பத்து சிட்டிங், இருபது சிட்டிங் பேக்கேஜ் என்று முன்பணம் வாங்குகிற வேலை வேண்டவே வேண்டாம்.

கழுத்து விஷயம் உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரில் முடிவெட்டுகிற கடையிலேயே கடைசியில் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் படக்கென்று நெட்டி எடுத்துவிடுவார்கள், அப்பாவும் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் உன்னிடம் வருகிறவர்களும் சத்தம் வந்தால்தான் வைத்தியம் நடந்தது என்று நினைப்பார்கள். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயு இடைவெளி உண்டாகும்போது வருவது, எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் இல்லை என்று அவர்களுக்குச் சொல். கழுத்தைத் திருப்பும்போது அபூர்வமாக ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் சும்மா இருந்தாலே போகிற வலிக்கு அந்த அபூர்வத்தை யார் தலையிலும் வைக்காதே.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், "உரம் விழுந்துடுச்சு, எடுத்து விடுங்க" என்று. தொடவே தொடாதே. ஆஸ்திரேலியாவில் 2019-இல் உங்கள் கைரோபிராக்டிக் வாரியமே இரண்டு வயதுக்குக் கீழே முதுகெலும்பைக் கையால் அசைத்துவிடக் கூடாது என்று சொல்லிவிட்டதே, அதை இங்கேயும் கடைப்பிடி. பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

பெர்த்தில் நீ அதிகம் பார்த்திருக்க முடியாத ஒன்று இங்கே இருக்கிறது. மலையில் ஒரு ஆள் மாசக்கணக்கில் முதுகுவலி என்று சுளுக்கு எடுக்கிறவரிடம் நடந்துகொண்டே இருந்தார், சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். கடைசியில் படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் காசநோய். அதற்கு மாத்திரை கொடுத்தவள் நான், அவர் எழுந்து நடந்ததையும் பார்த்தேன். அரித்துப்போன எலும்பை யாராவது பலமாக அழுத்தியிருந்தால் கால் இரண்டும் போயிருக்கும். அதனால் முதுகுவலியோடு காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் படுத்தாலும் விடாத வலி என்றால் கையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு அனுப்பு. சிறுநீர் போவது தெரியவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போச்சு, கால் இழுக்கிறது என்றால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி, ஆட்டோ காசு நீ கொடுத்தாலும் பரவாயில்லை. வயதான அம்மாக்களின் எலும்பு முறுக்கு மாதிரி நொறுங்கும், அதையும் மனசில் வை.

மண் பட்டி, வாழை இலைக் குளியல், டீடாக்ஸ் ஜூஸ் எல்லாம் சேர்க்கலாம் என்று உன் தோழி சொன்னாளாம். காந்தி புனே பக்கத்து உருளிகாஞ்சனில் 1946-இல் இயற்கை மருத்துவ ஆசிரமம் ஆரம்பித்ததையெல்லாம் அப்பா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் காந்தி மேல் மரியாதைதான். ஆனால் அதற்கென்று ஐந்தரை வருஷம் பி.என்.ஒய்.எஸ். என்கிற இயற்கை மருத்துவ, யோகா பட்டம் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள், சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. வேண்டுமானால் அப்படி ஒருவரைக் கூட வைத்துக்கொள். ஜூஸைக் குடித்துவிட்டு ஒருத்தர் இன்சுலினை நிறுத்தினால் உன் பச்சை போர்டு அவரைக் காப்பாற்றாது. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிக் கவுன்சில் இல்லை, புகார் செய்ய வேண்டுமென்றால்கூட எங்கே போவது என்று நோயாளிக்குத் தெரியாது. அதனால் போர்டில் உன் பெயர், பிசியோதெரபிஸ்ட், கீழே கைரோபிராக்டர், அப்புறம் முதுகு, கழுத்து, மூட்டு வலிக்கு என்று போட்டால் போதும். கூட்டம் மெதுவாகத்தான் வரும், வரட்டும், கடனை நானும் அப்பாவும் பென்ஷனில் கொஞ்ச நாள் இழுத்துக்கொள்கிறோம்.

இடம் பற்றி. ஃபேர்லேண்ட்ஸில் நீ பார்த்துவைத்த மாடி வேண்டாம். இடுப்பு வலிக்காரர் அத்தனை படி ஏறி வந்தால் ஏறினதற்கே தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். அஸ்தம்பட்டியில் அப்பாவுக்குத் தெரிந்தவர் வீட்டில் தரைத்தளம் காலியாகிறது, இரண்டு அறை, வாசலில் படிகூட இல்லை, ஏற்காடு பஸ் அந்த வழியாகத்தான் போகிறது, மலையிலிருந்து வருகிறவர்கள் இறங்கி நடந்தே வந்துவிடலாம். வாடகை கொஞ்சம் அதிகம் கேட்கிறார், பேசினால் குறைப்பார். அட்வான்ஸ் கொடுக்கட்டுமா வேண்டாமா என்று இந்த வாரமே சொல்லிவிடு, இன்னொருத்தரும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

அம்மா