நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நீ போனில் சொன்னதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். கேப் டவுனில் ஆரம்பப் பள்ளி டீச்சர் வேலை. பள்ளி அரசாங்கத்துடையது, பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் நடத்துவது வெளியே இருந்து வந்த ஓர் அறக்கட்டளை. “சேரட்டுமா அம்மா?” என்று கேட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நானும் அந்த மாதிரிப் பள்ளியில்தான் படித்தேன். 1959இல் என்னைச் சேர்த்தபோது, நம் நேட்டால் மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளில் நிறைய பேர் ‘ஸ்டேட் எய்டெட்’ பள்ளிகளில்தான் படித்தார்கள். இடமும் கட்டடமும் நம் ஜனங்கள் பாடுபட்டுக் கொடுத்தது, டீச்சர் சம்பளம் மட்டும் அரசாங்கத்தினுடையது. உன் தாத்தா சர்க்கரை ஆலையில் வாங்கிய சம்பளத்தில் மாதாமாதம் கமிட்டிக்குச் சில ஷில்லிங் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் செங்கல் சுமந்தார். அப்படியும் வகுப்பறை போதாமல் காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று படித்தோம். நான் மத்தியானக் கூட்டம். தகரக் கூரை, வெயில், தூக்கம். ஆனாலும் எனக்கு எழுத்து வந்தது அங்கேதான். நம் ஜனங்கள் கை வைக்காமல் இருந்திருந்தால் எனக்குப் பள்ளியே இருந்திருக்காது.

சரி, இன்னொன்றும் நடந்தது. உன்னிடம் சொன்னதில்லை. எங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த டீச்சருக்கும் பள்ளியை நடத்தியவருக்கும் ஏதோ மனத்தாங்கல். அடுத்த டெர்ம் அந்த டீச்சர் வரவில்லை. தாத்தா போய்க் கேட்டார். “இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?” என்று அனுப்பிவிட்டார்கள். செங்கல் சுமந்த மனிதருக்கு அந்தக் கமிட்டியில் ஓட்டு இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமல் படுத்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால்தான் 1996இல் புதுப் பள்ளிச் சட்டம் வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நிர்வாகக் குழுவில் ஓட்டுள்ள மற்ற எல்லோரையும்விடப் பெற்றோர் ஒருவராவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். ஆனால் கேப் டவுன் இருக்கிற மேற்கு கேப் மாகாணம், உன் பள்ளி மாதிரி அரசாங்கமும் வெளி அமைப்பும் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பள்ளிகளை 2016இல் சோதனையாக ஆரம்பித்தது. 2018இல் அதற்கென்று தன் மாகாணப் பள்ளிச் சட்டத்தைத் திருத்தியது. அதில் நிர்வாகக் குழு ஓட்டில் பாதிக்குக் குறையாமல் நடத்தும் அமைப்புக்குப் போகிறது. என் மனசில் முள்ளாக இருப்பது இதுதான்.

ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. 2021இல் எடுத்த வாசிப்புத் தேர்வில், நம் நாட்டு நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 100க்கு 81 பேரால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளைக் காத்திரு என்று யார் சொல்வது? நல்ல அமைப்பு வந்தால் டீச்சருக்குப் பயிற்சி கிடைக்கும், பக்கத்தில் நின்று வழிகாட்ட ஆள் கிடைக்கும். நான் டீச்சராக இருந்தபோது எனக்கு அதெல்லாம் கிடைக்கவே இல்லை.

அமெரிக்காவில் 1991இலேயே மின்னசோட்டா மாநிலத்தில், அரசாங்கப் பணத்தில் வெளி அமைப்பு நடத்தும் பள்ளிகளுக்குச் சட்டம் போட்டார்கள், சார்ட்டர் பள்ளி என்று பேர். 2009இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 மாநிலங்களில் பார்த்தபோது, கணக்கில் 100க்கு 17 பள்ளிகள் பக்கத்து அரசுப் பள்ளிகளைவிட மேலே இருந்தன, 37 கீழே. அவர்களே 2023இல் பார்த்தபோது சராசரியில் சார்ட்டர் பிள்ளைகள் சற்று முன்னால் வந்திருந்தார்கள். ஆக, நடத்துகிறவர்கள் யார், அவர்களைக் கேள்வி கேட்பது யார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் போய்க் கேள். அந்த அறக்கட்டளைக்குப் பணம் கொடுப்பவர் நாளைக்கு விலகினால் பள்ளி என்ன ஆகும்? பள்ளி இருக்கிற தெருவிலேயே குடியிருக்கும் பிள்ளை, மெதுவாகப் படிக்கிற பிள்ளை, எல்லோருக்கும் இடம் உண்டா, இல்லை நாசூக்காக வேறு பள்ளிக்குப் போகச் சொல்கிறார்களா? அப்புறம் உன் விஷயம். அங்கே புதிதாகச் சேரும் டீச்சரை வேலைக்கு வைப்பது நிர்வாகக் குழு, அரசாங்கம் இல்லை. அப்படியானால் எனக்கு வருகிற அரசாங்கப் பென்ஷன் உனக்கு வராது. கூச்சப்படாமல் கேள் கண்ணு.

ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் கேட்டில் நின்று, பிள்ளையைக் கூட்டிப் போக வரும் பாட்டிமார்களிடம் பேசு. கமிட்டியில் தங்கள் ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரிகிறதா என்று பார். அவர்கள் சொன்னதை எனக்கு அப்படியே எழுது. அதைப் படித்துவிட்டுத்தான் என் பதிலைச் சொல்வேன்.

அன்புடன்,
அம்மா