பூட்லோடரில் ஓசையின்றி நுழையும் பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரம் வந்தவுடன் நினைவகத்தைத் தயார்செய்து, இயங்குதளத்தை ஏற்றிவிட்டு விலகிக்கொள்ளும் பூட்லோடர் நிரலில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். அதில் வேரூன்றிவிட்ட ஒரு பழக்கத்தைப் பற்றி, இத்துறையில் இருக்கும் தங்கள் வாசகர்களிடம் பேச விரும்புகிறேன்.

யூ-பூட் போன்ற பூட்லோடரின் ஒரே மூலநிரல் எண்ணற்ற போர்டுகளுக்குப் பயன்படுவதால், ஒவ்வொரு போர்டுக்கும் உரிய தனிவேலையைப் பொது நிரலோடு இணைக்க ஏதேனும் ஒரு வழி வேண்டியிருக்கிறது. பொது நிரலில் ஒன்றும் செய்யாத ஒரு வெற்று ஃபங்ஷனை எழுதி அதை 'வீக்' (வலுவற்றது) என்று குறித்துவிடுவது ஒரு வழி. போர்டு நிரலில் அதே பெயரில் சாதாரண ஃபங்ஷன் இருந்தால், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் அதை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் வெற்று ஃபங்ஷனே நிற்கும். லினக்ஸ் கெர்னலில் பிறந்து 2014இல் யூ-பூட்டுக்கும் வந்த கேகான்ஃபிக் என்ற தேர்வு அமைப்பின் மூலம், போர்டின் ஃபங்ஷனை அழைக்க வேண்டுமா வேண்டாமா என்பதைக் கம்பைல் செய்யும்போதே தீர்மானிப்பது மற்றொரு வழி.

முதல் வழியின் ஆபத்தை நான் பட்டுத்தான் அறிந்தேன். மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் ஃபங்ஷனின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டிருந்தேன். லிங்கர் ஒரு சொல்லும் சொல்லாமல் வெற்று ஃபங்ஷனை இணைத்துவிட, போர்டு சில நேரம் எழுந்தது, சில நேரம் பாதியில் நின்றது. குறை வன்பொருளில்தான் என்று நம்பி மூன்று நாட்களை இழந்தேன். கான்ஃபிக் தேர்வு வழியாக அழைத்திருந்தால், அப்படியொரு ஃபங்ஷன் இல்லை என்று லிங்கர் அந்த நிமிடமே நிறுத்தியிருக்கும்.

பெயர் சரியாக இருந்தாலும் நிம்மதி இல்லை. ஃபங்ஷன் பெறும் மதிப்புகளின் வகை மாறியிருந்தால் சி மொழியில் லிங்கருக்கு அது தெரியாது. வீக் குறியீடு ஒன்றை நிறைவுசெய்வதற்காக லிங்கர், கம்பைல் ஆன துண்டுகளைத் தொகுத்து வைக்கும் ஆர்கைவ் கோப்பைத் திறந்து தேடாது, அதனால் போர்டின் ஃபங்ஷன் அதற்குள் இருந்தும் வெற்று ஃபங்ஷனே நிற்கும் என்பதும் பலரை வீழ்த்தியிருக்கிறது. 2010இல் யூ-பூட் ஆர்கைவ்களைக் கைவிட்டு, துண்டுகள் அனைத்தையும் முன்கூட்டியே ஒன்றாக இணைத்துவிடும் பகுதி இணைப்பு முறைக்கு மாறியதே இதனால்தான்.

கான்ஃபிக் தேர்வுகள் மிகுந்தால் நிரல், தேர்வைப் பொறுத்துப் பகுதிகளைக் கம்பைலர் பார்க்கும் முன்பே வெட்டிவிடும் 'இஃப்டெஃப்' வரிகளின் புதராகி, யாரும் கம்பைல் செய்யாத பகுதிகள் உள்ளே மட்கிப்போகும் என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் அத்தேர்வைச் சாதாரண 'இஃப்' நிபந்தனைக்குள் சோதித்தால், கம்பைலர் இரு கிளைகளையும் படித்துப் பிழை பார்த்த பின்பே வேண்டாததை நீக்குகிறது.

எனவே நிரலை மதிப்பாய்வு செய்யும் நண்பர்கள் ஒவ்வொரு வீக் ஃபங்ஷனைப் பார்க்கும்போதும் சற்று நின்று, இது வெறுமையாகவே இருந்தாலும் போர்டு சரியாக இயங்குமா என்று கேட்க வேண்டுகிறேன். இயங்காது எனில், அதை வீக் என்று ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
பூட்லோடர் நிரலர் ஒருவர்