அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்

கணினித் துறைத் தலைவர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

மார்க் ஷீட் கைக்கு வந்துவிட்டது. அதனால் தைரியமாக எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: புராஜெக்ட் படிவத்தில், எந்தப் புரோகிராம் மொழியில் எழுதுகிறோம் என்று நிரப்பும் 'மொழி' என்ற கட்டத்தில் 'பைத்தான்' என்று நீங்களே அச்சடித்துத் தராதீர்கள்.

இரண்டாம் ரிவ்யூவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கன்னடியன் கால்வாய் மடைகளை வைத்து என் புராஜெக்டை எர்லாங் என்ற புரோகிராம் மொழியில் எழுதியிருந்தேன். மடைக்கு ஒரு தனிப் புராசஸ், அதாவது தன்பாட்டுக்கு ஓடும் ஒரு சின்ன வேலை. ஒரு மடை அடைத்துக்கொண்டால் மற்ற மடையில் தண்ணீர் நின்றா போகிறது? அதைக் காட்டத்தான் உங்கள் முன்னால் வேண்டுமென்றே ஒரு புராசஸைச் சாகடித்தேன். திரையில் பிழைச் செய்தி கொட்டியது. மேற்பார்வைப் புராசஸ் உடனே அதை மறுபடி எழுப்பிவிட்டது. மற்ற மடைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. "என்னம்மா, எரர் வருதே?" என்றார் ஒருவர். அதுதான் சார் டெமோ என்று சொல்வதற்குள் அடுத்த டீமைக் கூப்பிட்டாயிற்று. பன்னிரண்டு நாளில் பைத்தானில் எழுதி வரச் சொன்னீர்கள்.

எழுதினேன். செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடைக்குறிச்சி வரும்வரை மடியில் லேப்டாப். வீட்டுக்கு வந்தால் விடியும்வரை. அந்த அவசரத்தில் எனக்கு வந்தது, ஒரு மடையின் கணக்கு பிசகினால் மொத்தமும் நின்றுவிடும் புரோகிராம்தான். பைத்தான் மேல் பழி இல்லை, அதிலும் ஒழுங்காகச் செய்யலாம், நாள்தான் இல்லை. ரிவ்யூ அன்று பிசகாத எண்களாகப் பார்த்துக் கொடுத்தேன். "இப்பதான் நீட்டா இருக்கு" என்று மார்க் போட்டீர்கள். நன்றி.

எர்லாங்குக்கு இந்த ஜில்லாவில் வேலை இல்லை என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன். பைத்தானையும் ஜாவாவையும் அது ஜெயிக்கப் போவதும் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நிற்காமல் ஓட வேண்டும் என்று 1986-இல் எரிக்ஸன் டெலிபோன் கம்பெனியில் ஆரம்பித்த மொழி. அந்த மாதிரி வேலை இருக்கும்வரை அதற்குச் சோறு உண்டு. பிளாஸ்டிக் பாய் வந்து எத்தனை வருஷம், பத்தமடையில் கோரைப் பாய் நெய்வது நின்றா போயிற்று? ரிவ்யூ தேதியை வாட்ஸப் குழுவில்தானே போட்டீர்கள்? அந்த வாட்ஸப்பின் சர்வர் எழுந்து நின்றதே எர்லாங்கில்தான். பைத்தானில் நீங்கள் ஆசையாக நடத்தும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் (ஒரு பட்டியலை ஒரே வரியில் உருவாக்கும் முறை), ஹாஸ்கெல் என்ற சின்ன மொழியிடம் வாங்கியது. சின்ன மொழிகளைப் பூட்டிவிட்டால் பெரிய மொழி அடுத்து யாரிடம் கடன் கேட்கும்?

வேலைதான் அளவுகோல் என்றால் சரி, முதலாமாண்டு லேபில் 1990-இல் வந்த டர்போ சி++ என்ற பழைய மென்பொருளின் நீலத் திரை இன்னும் எதற்கு? அதற்கு எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது? தெரிந்தால் சொல்லுங்கள், நானும் விண்ணப்பிக்கிறேன்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். புதுப் பாடம் கேட்கவில்லை, ஆசிரியர் கேட்கவில்லை, செலவும் இல்லை. அடுத்த பேட்சுக்குப் படிவம் அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு கட்டத்தை மட்டும் தயவுசெய்து காலியாக விடுங்கள். அப்புறம், ரிவ்யூவில் யாராவது வேண்டுமென்றே எதையாவது சாகடித்தால், அடுத்த நொடி என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி,
கல்லிடைக்குறிச்சி