உப்பும் ரேகையும்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். சென்ற வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் சரியாக விடை சொல்லவில்லை. "ஊர் ஊராகத் திரிந்தவர்களுக்கு வீடும் வேலையும் பள்ளிக்கூடமும் கொடுத்தார்கள் என்றுதானே படித்தேன், வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப்பரம்பரைக் குடியிருப்புகள்மீது உங்களுக்கு ஏன் அப்பா இவ்வளவு கசப்பு?" என்றாய். நியாயமான கேள்வி, போனில் பேசித் தீராது என்பதால் எழுதுகிறேன்.

முதலில், நம்மவர்களுக்கு அதுவரை வேலை இல்லை என்ற எண்ணமே தவறு. உப்புக் குறவர் என்ற பெயர் காரணமில்லாமல் வரவில்லை. கடற்கரை உப்பளங்களில் எடுத்த உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி, வண்டிப்பாதைகூட இல்லாத உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றி, அந்தத் தானியத்தை வேறோர் ஊரில் விற்றுத் திரும்புவது அவர்கள் தொழில். நடந்தால்தான் அந்த வியாபாரம் நடக்கும். எந்த ஊரில் எப்போது அறுவடை முடியும், எங்கே உப்பு தீர்ந்திருக்கும் என்ற கணக்கெல்லாம் தன் பாட்டிக்கு மனப்பாடம் என்று உன் தாத்தா பெருமையோடு சொல்வார். மூங்கில் வெட்டிக் கூடை முடைவதும் கறிவேப்பிலை விற்பதும் இதோடு சேர்ந்த பிழைப்புகள்.

இந்தத் தொழில் தானாக அழியவில்லை. 1805-இல் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், சென்னை மாகாணத்தில் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டனர். 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயில் பின்னர் உள்நாட்டுக்குள் நீள நீள, உப்பு மூட்டைகள் அதில் ஏறின. பொதிமாடுகள் வழியோரம் நின்றன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மாற்றிக்கொள்ளத் தானியமும் இல்லாமல் போயிற்று. 1882-இல் வந்த வனச் சட்டத்தால் மேய்ச்சலுக்கும் மூங்கிலுக்கும் அரசின் அனுமதி வேண்டியதாயிற்று.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான், 1871-இல் வடக்கே பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் நம் மாகாணத்துக்கும் வந்தது. தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல் திருடன் மகன் திருடன் ஆவான் என்பது அதை இயற்றியவர்களின் வாதம். சாதியைப் பற்றி அவர்கள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான் போலும். அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், ஒரு கூட்டம் முழுவதும் குற்றவாளிகள். அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அப்படி அறிவிக்கப்பட்டவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்கியதால் நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்த பிரமலைக் கள்ளர்களையும் அது விடவில்லை. அதை எதிர்த்த அவர்கள்மீது 1920-இல் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடு தனியாக எழுத வேண்டிய கதை.

இனி நீ கேட்ட வேலைக்கு வருகிறேன். 1913-இல் குண்டூர் மாவட்டத்தில் இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பின் பொறுப்பில் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பு உருவானது. ஸ்டூவர்ட் என்பது ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இருந்த ஓர் அதிகாரியின் பெயர். அங்கே அடைக்கப்பட்ட எருகுலர் நம் இனத்தாரே, தெலுங்கு நாட்டில் நமக்கு வழங்கும் பெயர் அது. கொடுத்த நிலம் எல்லோருக்கும் போதவில்லை. பக்கத்துச் சீராலாவில் புகையிலைத் தொழிற்சாலை வந்தபோது அதற்கு வேண்டிய ஆட்கள், பெண்கள் உட்பட, அந்தக் குடியிருப்பிலிருந்து போனார்கள். அனுமதிச்சீட்டு இல்லாமல் எல்லையைத் தாண்டினால் சிறை. கூலி பிடிக்காவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறவர்களிடம் அதுவரை யாரும் அடிமாட்டு விலை பேச முடிந்ததில்லை. இப்போது அவர்கள் எழுந்து போகவே முடியாது. எந்த முதலாளிக்கு இதைவிட நல்ல தொழிலாளி கிடைப்பான்? பள்ளிக்கூடத்தையும் சொன்னாயே, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்க அதே சட்டம் அதிகாரம் கொடுத்தது.

நம் மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இலும் அந்தச் சட்டம் நீங்கியது. அதற்குப் பிறகு உன் தாத்தா எந்தத் தாளிலும் பெருவிரலை வைக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் தன் பெயரை எழுதிப் பழகிய நோட்டு ஒன்று பெட்டியில் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது எடுத்துத் தருகிறேன். ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது, மெதுவாகப் பிரி.

அன்புடன்,
அப்பா